டிராம் போன தெருவில் 109: பழைய பஸ் தடத்தை ஆராய்ந்து டயோரமா செய்ய ஒரு முழு வழிகாட்டி

என் முதல் டயோரமாவில் (ஓர் இடத்தைச் சிறு அளவில் அப்படியே செய்துகாட்டும் மாதிரிக் காட்சி) தெருவுக்கு மேலே மெல்லிய செப்புக் கம்பியை இழுத்து இழுத்துக் கட்டியிருந்தேன். மூன்று வார வேலை அது. தெற்கு லண்டனின் ஸ்ட்ரெட்டம் கடைத்தெரு, 1951. அன்றைய லண்டனின் 'ஆர்டி' வகை சிவப்பு இரட்டைத்தள பஸ் ஒன்று, அதன் சக்கரங்களுக்கு அடியில் ஓட்டம் நின்றுபோன டிராம் தண்டவாளம், மேலே மின்கம்பி. கண்காட்சியில் ஒரு பெரியவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அழகாக இருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் கம்பியே கிடையாதே" என்றார். அவர் சிறுவனாக இருந்தபோது அந்த டிராமில்தான் பள்ளிக்குப் போனாராம்.

அவர் சொன்னது சரி. ஸ்ட்ரெட்டத்தில் டிராமுக்கு மின்சாரம் தரைக்கு அடியிலிருந்து வந்தது. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் நார்பரியைத் தாண்டிய பிறகுதான் தலைக்கு மேல் கம்பி. அந்தத் தடத்தின் புகைப்படங்கள் என்று நான் சேர்த்து வைத்திருந்தவற்றில் பாதி குராய்டனில் எடுத்தவை. தடம் ஒன்றுதான், ஆனால் தெரு வேறு.

டிராமுக்குப் பதிலாக வந்த பஸ் தடத்தை மாதிரியாகச் செய்ய நினைப்பவர்களுக்கு என் வேலைமுறையை இங்கே எழுதுகிறேன். உதாரணமாக எடுத்துக்கொள்வது எனக்கு நன்றாகத் தெரிந்த லண்டன் 109 எண் பஸ் தடம். ஊர் வேறானாலும் முறை பெரும்பாலும் இதுவேதான்.

முதலில் கொஞ்சம் பின்னணி

லண்டனில் 1935 முதல் 1940 வரை டிராம்களை எடுத்துவிட்டு, மேல்கம்பி மின்சாரத்தில் ஓடும் டிராலிபஸ்களை விட்டார்கள். போர் குறுக்கே வந்ததால் தெற்கு லண்டனில் டிராம்கள் தப்பின. அவற்றுக்குப் பதிலாக டீசல் பஸ்கள் வரும் என்று 1946-ல் அறிவித்தார்கள். 'ஆப்பரேஷன் டிராமவே' என்ற பெயரில் 1950 அக்டோபரில் வேலை தொடங்கி, ஒன்பது கட்டங்களாக நடந்து, 1952 ஜூலை முதல் வாரத்தில் முடிந்தது.

இதில் மூன்றாம் கட்டம்தான் நம்முடையது. பர்லி, குராய்டன், நார்பரி, ஸ்ட்ரெட்டம், பிரிக்ஸ்டன், கென்னிங்டன் வழியாகத் தேம்ஸ் கரையிலுள்ள எம்பேங்க்மென்ட் வரை 16, 18 என்ற இரண்டு டிராம்கள் ஓடின. ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வழியாகப் போய் பிளாக்ஃபிரையர்ஸ் பாலம் வழியாகத் திரும்பும், மற்றது அதற்கு எதிர்த்திசையில் சுற்றும். 1951 ஏப்ரல் 7, சனிக்கிழமையோடு இரண்டும் நின்றன. மறுநாள் ஞாயிறு முதல் பஸ் 109. அதுவும் அதே வளையத்தை அதே போல இரு திசையிலும் சுற்றியது. 109 இன்றும் பிரிக்ஸ்டனுக்கும் குராய்டனுக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கிறது. தோசை மாவு வாங்க அதில் போகும் நம்மவர்கள் ஏராளம்.

படி 1: ஒரு நாள், ஒரு இடம்

"ஐம்பதுகளின் லண்டன்" என்று ஒரு டயோரமா செய்ய முடியாது. செய்தால் எல்லாமே சுமாராகச் சரியாக இருக்கும், எதுவுமே உண்மையாக இருக்காது. ஒரு தேதியையும் நூறு மீட்டர் தெருவையும் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகு வரும் எல்லாக் கேள்விகளும் இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கும்.

109-ஐயே எடுத்துக்கொள்வோம். தேதி 1951 ஏப்ரல் கடைசி. இடத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

பிரிக்ஸ்டன் சாலை, பிரிக்ஸ்டனுக்கும் கென்னிங்டனுக்கும் நடுவே. இங்கே 109 வந்த பிறகும் டிராம் இருந்தது. வெஸ்ட் நார்வுட்டிலிருந்து வந்த 33 எண் டிராம் 1952 ஏப்ரல் 5 வரை இந்தச் சாலையில் ஓடியது. ஆகவே பஸ்ஸும் டிராமும் அடுத்தடுத்து நிற்கும் காட்சியை மனசாட்சி உறுத்தாமல் வைக்கலாம். தண்டவாளம் பளபளக்க வேண்டும்.

ஸ்ட்ரெட்டம். இந்தக் கடைத்தெரு வழியே போன மற்ற டிராம்கள் அந்த ஆண்டு ஜனவரியிலேயே போய்விட்டன. 16, 18 தான் கடைசி. ஏப்ரல் 8-க்குப் பிறகு தண்டவாளம் உண்டு, டிராம் இல்லை. தண்டவாளத்தின் மேல்முகத்தில் துரு ஏறத் தொடங்கியிருக்கும். மேலே கம்பி இல்லை.

நார்பரி. அன்றைய லண்டன் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எல்லை இங்கேதான். தரையடி மின்சாரத்திலிருந்து மேல்கம்பிக்கு மாறும் குழி இங்கே இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

மேற்கு குராய்டன். இங்கே தலைக்கு மேல் இரண்டு வகைக் கம்பிகள். டிராமுக்கு ஒற்றைக் கம்பி போதும், மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிவிடும். ரப்பர் சக்கர டிராலிபஸ்ஸுக்கு இரட்டைக் கம்பி வேண்டும். 630, 654 எண் டிராலிபஸ்கள் இந்தப் பகுதிக்கு ஐம்பதுகளின் கடைசி வரை வந்தன. டிராம் போன பிறகு எடுத்த படத்தில் கம்பி தெரிகிறதே என்று குழம்பாதீர்கள். எண்ணிப் பாருங்கள், இரட்டையாக இருந்தால் அது டிராலிபஸ்ஸுடையது.

ஒரே தடத்தில், ஒரே வாரத்தில், நான்கு வேறு டயோரமாக்கள்! என் தவறு எங்கே நடந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

படி 2: எண்களை நம்பாதீர்கள்

டிராமுக்கும் பஸ்ஸுக்கும் லண்டனில் தனித்தனி எண் வரிசை. 16 என்று டிராமும் இருந்தது, வடக்கு லண்டனில் 16 என்று பஸ்ஸும் இருந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இணையத்தில் '16 லண்டன் 1950' என்று தேடினால் சம்பந்தமில்லாத படங்கள் கொட்டும். தடத்தின் எண்ணோடு ஊர்ப் பெயரையும் டிப்போவின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

டிப்போ பெயர் நல்ல துருப்புச் சீட்டு. பிரிக்ஸ்டன் ஹில்லின் உச்சியில் டெல்ஃபர்ட் அவென்யூ டிராம் டிப்போ இருந்தது. அதைத் திருத்திக் கட்டித்தான் பிரிக்ஸ்டன் பஸ் டிப்போ ஆக்கினார்கள். தார்ன்டன் ஹீத்திலும் அப்படித்தான், பழைய டிராம் டிப்போ இருந்த இடத்தில் பஸ் டிப்போ எழுந்தது. 109-க்கான பஸ்கள் இந்த இரண்டிலிருந்தும் வந்தன. ஒரு தடத்துக்கு எந்த டிப்போ என்று தெரிந்துவிட்டால், அங்கே எந்த வகை வண்டி நின்றது, என்ன பலகை மாட்டினார்கள் என்று ஒவ்வொன்றாக அவிழும்.

ஒரு டிராம் தடத்துக்கு ஒரு பஸ் தடம் என்று எல்லா இடத்திலும் நேராகப் பொருந்தாது. 16, 18 இரண்டும் சேர்ந்து 109 ஆனது போல 2, 4 இரண்டும் சேர்ந்து 155 ஆயின. 36, 38 சேர்ந்து 177. மத்திய லண்டனில் கிங்ஸ்வே சுரங்கப் பாதை வழியே போன 33-க்குப் பதிலாக வந்த பஸ் 171, சுரங்கத்துக்குள் போகாமல் மேலே சாலையில் போனது. அன்றைய போக்குவரத்துக் கழகம் வெளியிட்ட டிராம் வரைபடத்தையும் அடுத்த ஆண்டின் பஸ் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெருத் தெருவாக விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மாலை நேரம் ஆகும். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியாது.

படி 3: வரைபடத்திலிருந்து அளவு எடுப்பது

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளம் பிரிட்டன் முழுவதுக்குமான பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களை இலவசமாகக் காட்டுகிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். நமக்கு வேண்டியது போருக்குப் பின் வந்த 1:1250 தாள்கள். ஒவ்வொரு கட்டடத்தின் முகப்பும், வீட்டு எண்ணும், நடைபாதையின் விளிம்பும் அதில் இருக்கும்.

பிரிட்டிஷ் மாதிரிக் கலைஞர்கள் அதிகம் பயன்படுத்துவது ஓ-ஓ அளவு, அதாவது ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர், 1:76.2. கடையில் கிடைக்கும் பஸ், கார், மனித உருவங்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த அளவில்தான் வரும் என்பதால் வேறு அளவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 1250-ஐ 76.2-ஆல் வகுத்தால் 16.4. ஆகவே 1:1250 தாளில் எடுத்த மில்லிமீட்டரை 16.4-ஆல் பெருக்கினால் உங்கள் பலகையின் அளவு வந்துவிடும். தாளில் தெருவின் அகலம் 12 மில்லிமீட்டர் என்றால் உண்மையில் அது 15 மீட்டர், பலகையில் 197 மில்லிமீட்டர்.

கணக்குப் போட்ட உடனே ஒரு அதிர்ச்சி வரும். நூறு மீட்டர் தெரு 1.3 மீட்டர் நீளத்துக்குப் போய்விடும். வீட்டில் இடம் இல்லை. சரி, நீளத்தைக் குறையுங்கள், அகலத்தைக் குறைக்காதீர்கள். டிராம் ஓடிய தெருவின் குணமே அதன் நடுவில்தான் இருக்கிறது. இரண்டு டிராம் பாதை, இரண்டு பக்கமும் ஒரு வண்டி போகும் இடம், அப்புறம் நடைபாதை. அகலத்தைச் சுருக்கினால் எந்த ஊர்த் தெருவோ ஆகிவிடும்.

1890-களின் 1:1056 தாள்கள் இன்னும் விரிவானவை, பார்க்க ஆசையாக இருக்கும். அவற்றில் பிரிக்ஸ்டன் ஹில்லில் டிராம் பாதை போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மின்சார டிராம் அல்ல. 1892 முதல் 1904 வரை அங்கே தரைக்கு அடியில் ஓடும் இரும்பு வடத்தைப் பற்றிக்கொண்டு வண்டிகள் மேடேறின. டெல்ஃபர்ட் அவென்யூ டிப்போ தொடங்கியதே அந்த வட டிராமுக்காகத்தான்.

படி 4: பஸ்ஸைத் தேடாதீர்கள், தெருவைத் தேடுங்கள்

கடைசி டிராமைப் படமெடுக்க ஊரே கூடும். தண்டவாளத்தில் காசு வைத்து நசுக்கி எடுத்து வைத்துக்கொள்வார்கள், பாட்டுப் பாடுவார்கள், பத்திரிகைக்காரர் வருவார். மறுநாள் காலை முதல் பஸ் கிளம்பும்போது யார் வருவார்கள்? டிராம் ரசிகர்கள் துக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பஸ் ரசிகர்களுக்கும் அன்று ஆர்டி பஸ் புதுமை இல்லை, ஊரெங்கும் ஓடியது. அதனால் ஏப்ரல் 7-க்கு எத்தனையோ படங்கள் உண்டு, ஏப்ரல் 8-க்குத் தேடினாலும் கிடைப்பது அரிது.

இந்த இடைவெளியை நிரப்ப, பஸ்ஸுக்காக எடுக்காத படங்களுக்குள் பஸ்ஸைத் தேட வேண்டும். கடைத் திறப்பு விழா, சாலை விபத்து, தேவாலயத் திருமணம், திரையரங்க முகப்பு, வெள்ளம் என்று யாரோ வேறெதற்கோ எடுத்த படத்தின் ஓரத்தில் நம் பஸ் பாதி தெரியும். அந்தப் பாதி போதும். ரசிகர்கள் எடுத்த படத்தில் வண்டி சட்டத்தை முழுக்க நிரப்பியிருக்கும், தெரு தெரியாது. நமக்கு வேண்டியதோ தெரு.

எங்கே தேடுவது? லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பு முதல் இடம். இன்று 'லண்டன் ஆர்க்கைவ்ஸ்' எனப்படும் பழைய லண்டன் மெட்ரோபாலிடன் ஆவணக் காப்பகத்தில் கவுண்டி மன்றம் எடுத்த தெருப் படங்கள் ஏராளமாக உள்ளன. போர்க்காலக் குண்டுச் சேத வரைபடங்களும் அங்கேதான். வானிலிருந்து எடுத்த படங்களுக்கு 'பிரிட்டன் ஃப்ரம் அபவ்' தளம். ஏரோஃபிலிம்ஸ் நிறுவனம் 1919 முதல் 1953 வரை எடுத்தவை அதில் உள்ளன. கூரைகளும் பின்முற்றங்களும் எப்படி இருந்தன என்று வேறெந்தப் படமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. அப்புறம் உள்ளூர் நூலகங்களின் வரலாற்றுப் பிரிவு.

உள்ளூர்க் காப்பகத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்ட்ரெட்டம் இன்று பெரும்பாலும் லாம்பெத் மாநகராட்சிக்குள் இருக்கிறது. 1965 வரை அது வான்ட்ஸ்வர்த்தைச் சேர்ந்தது. எனவே 1951-ன் கட்டட அனுமதித் தாள்களை லாம்பெத்தில் மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். குராய்டனோ அன்று லண்டனே இல்லை, தனி கவுண்டி பரோ. எந்த ஊரானாலும், அன்றைய எல்லை எங்கே இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் காப்பகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும்.

படத்தின் தேதியை எப்படிச் சரிபார்ப்பது? அடியில் எழுதியிருக்கும் குறிப்பைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் படத்தையே கேளுங்கள். சாலையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் போட்ட பாதசாரிக் கடவை இருக்கிறதா? அவை 1951 அக்டோபர் 31 அன்றுதான் முறையாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பு மஞ்சள் உருண்டை வைத்த கம்பமும் சாலையில் பதித்த குமிழ்களும் மட்டும்தான். ஆர்டி பஸ்ஸின் பதிவெண் என்.எக்ஸ்.பி. அல்லது ஓ.எல்.டி. என்று தொடங்குகிறதா? அப்படியானால் படம் 1953-க்கு முந்தையது அல்ல. ஜன்னலில் பிரிட்டன் திருவிழாச் சுவரொட்டி தெரிகிறதா? அந்தத் திருவிழா 1951 மே 3 அன்று தொடங்கியது, 109 ஓடத் தொடங்கி நான்கு வாரம்கூட ஆகவில்லை. நம் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான சுவரொட்டி இல்லை.

மரங்களைப் பாருங்கள், இலை இருக்கிறதா என்று. ஆட்களின் கோட்டைப் பாருங்கள். நிழலின் நீளத்தைப் பாருங்கள். துப்பறியும் வேலைதான், ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் பாதிச் சுகமே இதில் இருக்கிறது.

பெரியவர்களிடம் கேட்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தேதி கேட்காதீர்கள், தேதி எல்லோருக்கும் கலங்கிப் போயிருக்கும். எங்கே நின்று ஏறினீர்கள், என்ன சத்தம் கேட்கும், மழை நாளில் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். டிராமுக்காக நடுச்சாலைக்கு நடந்துபோய் ஏறியதை ஒருவர் எனக்குச் சொன்னார். பஸ் வந்த பிறகு வரிசை நடைபாதையின் ஓரத்துக்கு நகர்ந்தது. இதைக் கேட்ட பிறகு நான் என் மனித உருவங்கள் அத்தனையையும் பிடுங்கி இடம் மாற்றினேன்.

படி 5: கடைப் பெயர்கள்

கெல்லி நிறுவனத்தின் தெருவாரிக் கையேடுகள் இதற்கென்றே எழுதியது போல இருக்கும். வீட்டு எண், கடைக்காரர் பெயர், தொழில் எல்லாம் வரிசையாக, எந்த எண்ணுக்கு அடுத்து எந்தக் குறுக்குத் தெரு என்பது உட்பட. உங்கள் ஆண்டுக்கு முந்தைய பதிப்பு, அதே ஆண்டு, அடுத்த பதிப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்றிலும் இருக்கும் கடையை நம்பி வைக்கலாம்.

கட்டடம் இருந்தது என்பதாலேயே அது திறந்திருந்தது என்று ஆகாது. ஸ்ட்ரெட்டம் ஹில்லில் காமான்ட் திரையரங்கம் 1932-லேயே வந்துவிட்டது. ஆனால் 1944-ல் பறக்கும் குண்டு விழுந்து மூடியது, 1955-ல்தான் மறுபடி திறந்தார்கள். 1951 காட்சியில் அதன் முகப்பில் விளக்கு எரிந்தால் தப்பு. பக்கத்து லொகார்னோ நடன அரங்கில் எரியலாம்.

சுவர்களின் நிறமும் முக்கியம். தூய காற்றுச் சட்டம் 1956-ல்தான் வந்தது. அதற்கு முன் நூறாண்டுக் கரிப்புகை எல்லாச் செங்கல்லிலும் அப்பியிருந்தது. இன்று மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும் கட்டடங்களை அப்படியே பார்த்துத் தீட்டினால் 1951 வராது. கறுப்பைக் கழுவிக் கழுவிப் பூசுங்கள், போதும் என்று தோன்றும்போது இன்னொரு கை.

படி 6: வண்டி

ஆர்டி பஸ்ஸின் நீளம் 26 அடி, அகலம் 7 அடி 6 அங்குலம். நம் அளவில் 104 மில்லிமீட்டருக்கு 30. உயரம் ஏறத்தாழ 57. ஈஎஃப்ஈ நிறுவனத்தின் 1:76 ஆர்டி மாதிரிகள் பழைய பொருள் சந்தையில் சுலபமாகக் கிடைக்கும். வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். கூரையின் முன்பக்கம் எண் பெட்டி இருக்கிறதா இல்லையா என்பது ஒன்று. இரண்டு வகையும் ஓடின, உங்கள் படத்தில் எது என்று பார்த்து வாங்குங்கள். மற்றது வண்ணம். போருக்குப் பின் வந்த ஆர்டிகளில் மேல்தளச் சன்னல்களைச் சுற்றி வெளிர்நிறம் பூசியிருந்தார்கள். 1950 வாக்கில் அதை விட்டுவிட்டு, முழுச் சிவப்பில் நடுவே ஒரு வெளிர்ப் பட்டை என்று மாற்றினார்கள். 1951-ல் இரண்டும் கலந்தே தெருவில் இருக்கும்.

பெயர்ப் பலகைதான் பஸ்ஸின் முகம். 109 என்று எண் மட்டும் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். எம்பேங்க்மென்ட் போகும் வண்டி எந்தப் பாலம் வழியாக என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் வளையத்தை இரு திசையிலும் சுற்றியது. இந்த ஒரு வரி சரியாக இருந்தால் விஷயம் தெரிந்தவர் உடனே நிமிர்ந்து பார்ப்பார்.

பிரிக்ஸ்டன் சாலையில் டிராமும் சேர்த்து வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 16, 18-ல் ஓடியவற்றில் புகழ்பெற்றவை ஃபெல்தம் வகை, 1931-ல் வந்த நீளமான அழகிகள், 64 இருக்கை. பெரும்பாலானவற்றை லீட்ஸ் நகரம் வாங்கிக்கொண்டது. ஏப்ரல் 8-க்குப் பிந்தைய காட்சியில் அவற்றை வைக்கும் ஆசையை அடக்குங்கள். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் 355 இருக்கிறது, டெர்பிஷயரில் கிரிச் டிராம் அருங்காட்சியகத்தில் 331.

நடத்துநரின் டிக்கெட் அடுக்கு, பஞ்ச் பற்றியெல்லாம் நான் இரண்டு வாரம் ஆராய்ந்தேன். 1:76-ல் நடத்துநரின் உள்ளங்கையே ஒரு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். எதை ஆராயாமல் விடுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 7: தரை

எனக்கு மிகப் பிடித்த வேலை இது.

லண்டன் கவுண்டிக்குள் ஒவ்வொரு டிராம் பாதையிலும் மூன்று கோடுகள் தெரியும். இரண்டு தண்டவாளம், நடுவில் ஒரு மெல்லிய பிளவு. அந்தப் பிளவுக்குக் கீழே சுரங்கம் போல ஒரு கால்வாய், அதில் மின்சாரம் பாயும் இரும்புச் சட்டங்கள். டிராமின் வயிற்றிலிருந்து ஒரு தகடு பிளவு வழியாக இறங்கி அவற்றைத் தொடும். அதைக் 'கலப்பை' என்றே தொழிலாளர்கள் அழைத்தார்கள். மண்ணுக்குள் இறங்கி ஓடுவதால் பெயர் பொருத்தம்தான்.

நார்பரிக் குழியில் நடந்தது இது. தெற்கே போகும் டிராம் மெல்ல நகர, நடுப்பிளவு ஒரு பக்கமாக விலகும், கலப்பை வண்டியிலிருந்து தானாகக் கழன்றுவிடும். நடத்துநர் கூரையிலுள்ள கழியைத் தூக்கிக் கம்பியில் மாட்டுவார். வடக்கே வரும் வண்டிக்கு, குழியருகே நிற்கும் ஆள் நீண்ட கவை கொண்டு கலப்பையை வண்டிக்கு அடியில் தள்ளிச் சேர்ப்பார். 1951 ஏப்ரல் 8 அன்று அந்த ஆளுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. விலகிப் போகும் அந்தப் பிளவின் வளைவு தரையில் அப்படியே கிடக்க, அதன் மேல் 109 போகிறது. இடம் தேடுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது நார்பரியைத்தான்.

செய்முறை எளிது. டிராம் ஓடப்போவதில்லை என்பதால் கடையில் விற்கும் ஓ-ஓ தண்டவாளம் வேண்டாம். அதன் அகலம் 16.5 மில்லிமீட்டர். லண்டன் டிராமின் உண்மை அகலம் 4 அடி 8½ அங்குலம், அதாவது நம் அளவில் 18.83. பஸ்ஸுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு மில்லிமீட்டர் குறை கண்ணை உறுத்தும். பிளாஸ்டிக் தகட்டில் சரியான இடைவெளியில் கோடு கீறி, மெல்லிய பட்டையைப் பதியுங்கள். ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் சக்கர விளிம்பு இறங்கும் பள்ளம் உட்பக்கம் வர வேண்டும். நடுப்பிளவு உண்மையில் ஒரு அங்குலத்துக்கும் குறைவு. நம் அளவில் கத்தி முனையால் ஒரே ஒரு கீறல் போதும். அதன் இரு ஓரமும் இரும்பு, ஆகவே கீறலின் இரு பக்கமும் பென்சில் கரியைத் தேய்த்துவிடுங்கள்.

இடையே கருங்கல் பாவுகல். அச்சுத் தகடு வாங்கி ஒட்டலாம், பொறுமை இருந்தால் கையால் கீறலாம். நிறம் ஒரே சாம்பலாக இருக்கக் கூடாது. எண்ணெய் சிந்திய கறை நடுவில், ஓரத்தில் தூசி. தண்டவாளத்தின் மேல்முகம் உங்கள் தேதியைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 8 காலை என்றால் வெள்ளி. மாதக் கடைசி என்றால் மங்கிய பழுப்பு, ரப்பர் சக்கரம் ஏறும் இடத்தில் மட்டும் கொஞ்சம் மினுக்கம்.

அசலைப் பார்க்க வேண்டுமா? மத்திய லண்டனில் சவுத்தாம்ப்டன் ரோவில், 33 எண் டிராம் இறங்கிய கிங்ஸ்வே சுரங்கப் பாதையின் சரிவு இன்றும் இருக்கிறது. கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே தண்டவாளமும் நடுப்பிளவும் பாவுகல்லும் தெரியும். மழை பெய்து விட்ட நேரத்தில் போங்கள், கல்லின் உண்மை நிறம் அப்போதுதான் தெரியும்.

மதராஸைச் செய்ய நினைப்பவர்களுக்கு

சென்னையிலிருந்து சிலர் கேட்கிறார்கள், நம் ஊரைச் செய்யலாமே என்று. செய்யலாம், தொடர்பும் இருக்கிறது. 1895 மே 7 அன்று மதராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது அங்கும் மின்சாரம் தரையடிக் கால்வாயிலிருந்துதான் வந்தது, மேல்கம்பி பின்னால் வந்தது. லண்டனில் கடைசி டிராம் நின்று ஒன்பது மாதத்தில், 1953 ஏப்ரல் 12 அன்று, மதராஸிலும் நின்றது.

ஆனால் வேலைமுறையில் ஒரு வேறுபாடு உண்டு. லண்டனில் டிராம் நின்ற மறுநாள் அதே சாலையில் அதற்கென்றே ஒரு புது எண் பஸ் வந்தது. மதராஸில் அரசு பஸ்கள் 1947-லேயே 30 வண்டிகளோடு தொடங்கிவிட்டன, டிராமும் பஸ்ஸும் சில ஆண்டுகள் ஒரே சாலையில் போட்டி போட்டன. ஆகவே 'எந்த டிராமுக்கு எந்த பஸ்' என்று தேடுவதை விட, டிராம் நின்ற வாரத்தில் ஒரு குறிப்பிட்ட முனையில் என்னென்ன ஓடின என்று தேடுவது பலன் தரும். பாரிமுனையையோ மவுண்ட் ரோடையோ எடுத்துக்கொள்ளுங்கள். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளையும், ரோஜா முத்தையா நூலகத்தில் அந்த ஆண்டின் பத்திரிகைகளையும் கேளுங்கள். செய்திப் பக்கத்தைப் புரட்டிவிட்டு மூடிவிடாதீர்கள். துணிக்கடை விளம்பரங்களில் 'டிராம் நிற்கும் இடத்துக்கு எதிரில்' என்பது போன்ற வரி எங்காவது இருக்கும், அது எந்த மாதம் காணாமல் போகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.